சாலையோரத்து மக்கள்: 1955ஆம் ஆண்டின் மோட்டார் பந்தயங்கள்

காற்பந்தாட்டம் காணச் செல்பவன் தொடக்கத்தையும் காண்கிறான், முடிவையும் காண்கிறான். ஊர்கள் பலவற்றைக் கடந்து செல்லும் மோட்டார் வண்டிப் பந்தயத்தைக் காணச் செல்பவனுக்கு அந்தப் பேறு இல்லை. ஆயிரம் மைல் ஓடும் வண்டி அவன் நிற்கின்ற வளைவைக் கடக்க மூன்று நான்கு நொடி போதும். அந்த மூன்று நான்கு நொடிக்காக அவன் விடியுமுன் எழுந்து, உணவுப் பொட்டலத்தைக் கையிற் கொண்டு, நல்ல இடம் தேடி நிற்கிறான். முதலில் ஓசை வருகிறது. பின்னர் வண்டி வருகிறது. அதன்பின் புழுதி மட்டுமே எஞ்சுகிறது. வென்றவர் யார் என்பதை மறுநாள் செய்தித்தாளைப் பார்த்தே அவன் அறிகிறான். ஆயினும் அடுத்த ஆண்டும் தவறாமல் வருகிறான்.

இப்பந்தயங்களைப் பற்றி மேலைநாட்டார் எழுதியுள்ள நூல்கள் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை ஓட்டியவர்களைப் பற்றியவை. அன்றேல் வண்டிகளைப் பற்றியவை. பார்த்து நின்றவர்களைப் பற்றிய பேச்சு, ஏதேனும் பெருந்துயர் நிகழ்ந்த பின்னரே அந்நூல்களில் தலைகாட்டும். பந்தய வரலாற்றில் நாம் முதலிற் கேட்க வேண்டிய வினா, வண்டி எத்துணை வேகம் சென்றது என்பதன்று. அது சென்றபோது மக்கள் எங்கே நின்றனர் என்பதே. இவ்வினாவுக்கு விடை காண 1955ஆம் ஆண்டைப்போல் உதவும் ஆண்டு பிறிதொன்றில்லை. நான் பொறியறிஞன் அல்லன். தோட்டப் பள்ளி ஒன்றில் பணிபுரியும் ஆசிரியன். ஆயினும் சிறுவயதில் ஒருமுறை சாலையோரத்தில் நின்று பார்த்தவன். அக்கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

பந்தய வகைகள் சிலவற்றை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். குறுகிய வட்டப் பாதையில் இரண்டு மூன்று மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓடுவது ஒரு வகை. பகலும் இரவுமாக நெடுநேரம் ஓடி, வண்டியும் மனிதனும் எவ்வளவு தாங்குவர் என்று அளப்பது மற்றொரு வகை. பிரான்சு நாட்டில் லெ மான் நகருக்கு அருகே 1923இல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம் இவ்வகையில் தலையாயது. மூன்றாவது, ராலி எனப்படுவது. பல நகரங்களிலிருந்து புறப்பட்டுக் குறித்த காலத்தில் ஓரிடம் சேர்வது பழைய ராலி. 1911இல் தோன்றிய மாண்டி கார்லோ ராலி இதற்கு எடுத்துக்காட்டு. அன்று இவ்வகைகளுக்கிடையே இன்றுள்ளதுபோல் உயர்ந்த சுவர்கள் இல்லை. 1955இல் லியேஜ்–ரோம்–லியேஜ் என்னும் கடுமையான ராலியை வென்ற ஒலிவியே ஜாந்தபியன் என்னும் பெல்ஜியரே, பின்னர் 1958, 1960, 1961, 1962 ஆகிய நான்கு ஆண்டுகளில் லெ மான் வெற்றியையும் பகிர்ந்துகொண்டார்.

அவ்வாண்டு ஒரு பந்தய அன்பர் முழுப் பருவத்தையும் பின்தொடர விரும்பியிருந்தால் எங்கெங்கே சென்றிருக்க வேண்டும்? சனவரியில் தென் அமெரிக்காவின் புவனோஸ் அயர்ஸ். மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங். மே முதல் நாள் இத்தாலி. சூனில் லெ மான். செப்டம்பரில் வட அயர்லாந்து. அக்டோபரில் சிசிலித் தீவு. இவ்வாறும் உலக வாகைக்குரிய போட்டிகள். எல்லாவற்றையும் நேரிற் காண்பது பெருஞ்செல்வர்க்கே இயலும். ஏனையோர் தம் ஊருக்கு அருகில் நடப்பதை நேரிலும், மற்றவற்றை ஏட்டிலுமாகக் கண்டு களித்தனர். அவர்களுள் ஆங்கிலம் அறிந்தோர் 'மோட்டார் ஸ்போர்ட்' என்னும் திங்களிதழை எதிர்நோக்கியிருந்தனர். ஐரோப்பியப் பந்தயங்கள் பலவற்றிற்கும் நேரிற் சென்று அவ்விதழுக்கு எழுதி வந்தவர் டெனிஸ் ஜென்கின்சன். குள்ளமான உருவம், நீண்ட தாடி, மூக்குக் கண்ணாடி. முன்னரே, மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் உடனிருந்து சமநிலை காக்கும் பணியைச் செய்து, 1949இல் எரிக் ஆலிவர் என்பவருடன் உலக வாகையும் சூடியவர். எழுதுபவர் தாமே வண்டியில் ஏறி அமர்ந்த ஆண்டு 1955 என்பதை இனிக் காண்போம்.

இத்தாலியின் வடபகுதியில் உள்ளது பிரெஷியா நகரம். அங்கு நடந்துவந்த பெரும்பந்தயம் மோன்சாவுக்குப் பெயர்ந்துவிட்ட மனக்குறையைத் தீர்த்துக்கொள்ள, அந்நகரத்து அன்பர் நால்வர் கூடி 1927இல் ஒரு புதுப் பந்தயத்தைத் தோற்றுவித்தனர். பிரெஷியாவிற் புறப்பட்டு, ரோமாபுரி சென்று, மீண்டும் பிரெஷியாவையே அடைய வேண்டும். தொலைவு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். அதாவது ஏறத்தாழ ஆயிரம் மைல். 'மில்லே மில்யா' என்னும் அதன் பெயருக்கு ஆயிரம் மைல் என்பதே பொருள். பந்தயத்துக்கெனத் தனிப் பாதை கிடையாது. மக்கள் அன்றாடம் நடக்கும் சாலை, சந்தைத் தெரு, பாலம், மலைக் கணவாய் ஆகிய அனைத்துமே பாதை. ஆதலின் நுழைவுச் சீட்டும் கிடையாது. வீட்டு வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்தால் அதுவே பார்வையிடம். உலகப் புகழ் பெற்ற ஓட்டுநரை உழவன் மகன் ஒருவன் கை நீட்டினால் தொடும் தொலைவிற் கண்டான். இத்தாலிய மக்கள் அதன்மேல் உயிரை வைத்திருந்ததற்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

சிறிய வண்டிகள் முதல்நாள் இரவே புறப்படும். பெரியவை மறுநாட் காலையில். ஒவ்வொரு வண்டிக்கும் அது புறப்படும் நேரமே எண்ணாக எழுதப்பட்டது. 1955 மே முதல் நாள் காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்ட வெள்ளி நிற மெர்சிடிஸ் பென்ஸ் வண்டியின் எண் 722. அதனை ஓட்டியவர் ஆங்கிலேயரான ஸ்டர்லிங் மாஸ். அப்போது அவருக்கு வயது 25. அருகில் அமர்ந்தவர் நம் ஜென்கின்சன். அன்று ஓடிய வண்டிகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை.

ஆயிரம் மைல் சாலையில் ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் நினைவில் வைத்தல் எவர்க்கும் இயலாது. பல்லாண்டு ஓடிப் பழகிய இத்தாலியர்க்கு அந்நினைவே பெருந்துணை. அத்துணை இல்லாத மாசும் ஜென்கின்சனும் முன்கூட்டியே பலமுறை அவ்வழியே சென்று, ஒவ்வோர் இடரையும் குறித்துக்கொண்டனர். அக்குறிப்புகளை ஏறத்தாழ 18 அடி நீளமுள்ள ஒரே தாளில் எழுதி, சிறு உலோகப் பெட்டிக்குள் உருளையாகச் சுற்றி வைத்தார் ஜென்கின்சன். பெட்டியில் ஒரு கண்ணாடிப் பலகணி. உருளையைத் திருகத் திருக, அடுத்து வரும் வளைவு அப்பலகணியில் தெரியும். மேற்கூரையில்லாத வண்டியின் இரைச்சலில் பேச்சுக் கேளாதாகலின், இருவரும் கைச்சைகைகளை வகுத்துக்கொண்டனர். பின்னே வரவிருப்பது மெல்லிய வளைவா, முழு வேகத்தில் ஏறிக் கடக்கக்கூடிய மேடா என்பது கண்ணுக்குத் தெரியுமுன்னரே கையால் உணர்த்தப்பட்டது. இன்று ராலி வண்டிகளில் துணையோட்டுநர் உரக்கப் படிக்கும் வழிக்குறிப்புக்கு இவ்வுருளை நெருங்கிய உறவு.

பாதுவா நகரில் மாஸ் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தவறி வைக்கோற் கட்டுகளில் முட்டினார்; அந்த நேரத்தில் காஸ்டெலாத்தியின் ஃபெராரி வண்டி முந்திச் சென்றது. எனினும் அது நெடுந்தொலைவு நிலைக்கவில்லை. வழியில் ஜென்கின்சனுக்குக் குமட்டல் ஏற்பட்டது. வெளியே குனிந்தபோது மூக்குக் கண்ணாடியைக் காற்று பறித்துச் சென்றது. அவர் மாற்றுக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். (கண்ணாடி அணியும் ஆசிரியர்கள் இந்த முன்யோசனையைக் கருதிப் பார்க்க.) ரோமாபுரியில் முந்துபவன் பிரெஷியாவில் வெல்லான் என்பது அப்பந்தயத்தில் வழங்கிய நம்பிக்கை. மாஸ் ரோமாபுரியிலும் முந்தியிருந்தார், பிரெஷியாவிலும் வென்றார். எடுத்துக்கொண்ட நேரம் 10 மணி 7 நிமிடம் 48 நொடி. சராசரி வேகம் மணிக்கு 157.65 கிலோமீட்டர். துணை எவருமின்றித் தனியே ஓட்டிவந்த அர்ஜென்டினாவின் ஃபாஞ்சியோ இரண்டாவதாக வந்தார். அவருடைய வண்டியின் எட்டு உருளைகளுள் ஒன்று வழியிலேயே வேலைசெய்யாது போயிற்று. மாசின் வேகத்தை அப்பந்தயத்தில் பின்னர் எவரும் எட்டவில்லை.

ஓர் எண்ணை மட்டும் இங்கே நினைவில் நிறுத்துமாறு வேண்டுகிறேன். 1927இல் முதல் மில்லே மில்யாவில் வென்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 77 கிலோமீட்டர். 28 ஆண்டுகளில் அது இரட்டிப்பாயிற்று. வேகம் இருமடங்கானால், ஓடும் வண்டியின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இது நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் எளிய கணக்கு. ஆயின் தாயோடு குழந்தை நின்ற அந்த வீட்டு வாயில் 1927இல் எங்கிருந்ததோ அங்கேயேதான் 1955இலும் இருந்தது. எச்சரிக்கை இல்லாமலும் போகவில்லை. 1938இல் பொலோனா நகரில் வண்டியொன்று மக்களுக்குள் புகுந்து, சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். மறு ஆண்டு பந்தயம் நடைபெறவில்லை. 1940இல் பாதையைச் சுருக்கி நடத்தினர். போர் முடிந்ததும் 1947இல் அது மீண்டும் பழைய நெடுஞ்சாலைக்கே வந்துவிட்டது. மக்கள் விரும்பினர், ஆதலின் வந்தது.

ஜென்கின்சன் தம் பயணத்தை எழுதிய கட்டுரை 1955 சூன் மாத 'மோட்டார் ஸ்போர்ட்' இதழில் வெளிவந்தது. பந்தய எழுத்துகளுள் அதனைச் சிறந்ததென்று இன்றும் பலர் கூறுவர். அவ்விதழ் அன்பர்களின் கையில் இருந்த அந்தச் சூன் மாதத்திலேயே லெ மான் பந்தயம் வந்தது. மில்லே மில்யா முடிந்து 41 நாளே ஆகியிருந்தன.

சூன் 11ஆம் நாள், சனிக்கிழமை. பிற்பகல் 4 மணிக்குப் பந்தயம் தொடங்கிற்று. கூடியிருந்தோர் ஏறத்தாழ 2,50,000 பேர் என்பர். முதல் இரண்டு மணி நேரமும் ஜாகுவார் வண்டியில் மைக் ஹாதார்னும் மெர்சிடிஸ் வண்டியில் ஃபாஞ்சியோவும் ஒருவரையொருவர் துரத்திய துரத்தல், 24 மணி நேரப் பந்தயம் என்பதையே இருவரும் மறந்துவிட்டனரோ என்று எண்ணும்படி இருந்தது. மெர்சிடிசின் மற்றொரு வண்டியில் பியேர் லெவெக் என்னும் பிரெஞ்சுக்காரர் இருந்தார், வயது 49. இவருடைய முன்கதை நெஞ்சை உருக்குவது. 1952இல் இதே லெ மானில் தம் துணையோட்டுநருக்கு இடங்கொடாமல் ஏறத்தாழ 23 மணி நேரம் தாமே ஓட்டி, எல்லாரையும் பின்தள்ளி முன்னணியில் நின்றவர். முடிவு நெருங்கிய வேளையில் பொறி பழுதுற்றது. வெற்றி மெர்சிடிசுக்குப் போயிற்று. அந்த மெர்சிடிஸ் குழுவின் தலைவர் ஆல்பிரட் நாய்பவர்தாம் 1955இல் அவரை அழைத்துத் தம் வண்டியைக் கொடுத்தார்.

லெ மானில் பழுதுபார்க்கும் கொட்டில்கள் ஓடுபாதையை ஒட்டியே அமைந்திருந்தன. நடுவே தடுப்புச் சுவர் இல்லை. எதிர்ப்புறம் மக்கள் மேடை. பாதைக்கும் மக்களுக்கும் இடையே இருந்தது தாழ்வான ஒரு மண்கரையும் வேலியும். கரையோரத்தில் முன்னிற்போரின் தலை மறைக்கிறதென்று ஏணிகளைக் கொணர்ந்து ஏறி நின்றவரும் உண்டு. மாலை 6 மணி 26 நிமிடம். எரிபொருள் நிரப்பக் கொட்டிலுக்குச் செல்ல வேண்டிய ஹாதார்ன், லான்ஸ் மாக்லின் ஓட்டிய சிறிய ஆஸ்டின் ஹீலி வண்டியை முந்தியதும் வேகத்தைத் தடுத்தார். ஜாகுவாரில் இருந்தது அந்நாளிற் புதுமையான வட்டுத் தடை. விரைந்து நிறுத்த வல்லது. பின்னே வந்த மாக்லின் மோதலைத் தவிர்க்க இடப்புறம் ஒதுங்கினார். அவ்விடத்தில் லெவெக்கின் வண்டி மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அது மாக்லின் வண்டியின் சரிந்த பின்புறத்தின்மீது ஏறி, மேலெழுந்து, மண்கரையில் மோதிச் சிதறியது. பொறியும் முன் அச்சும் மக்களுக்கு நடுவே பாய்ந்தன. மக்னீசியக் கலவையால் ஆன உடற்பகுதி வெண்ணிறத் தீயாக எரிந்தது. லெவெக் அவ்விடத்திலேயே இறந்தார். பார்க்க வந்தவர்களுள் மாண்டோர் எண்பதுக்கு மேற்பட்டவர். மோட்டார் பந்தய வரலாற்றில் இதனினும் கொடிய நாள் இல்லை.

யார் குற்றம் என்று ஹாதார்னையும் மாக்லினையும் குறித்துப் பல்லாண்டு பூசல் நடந்தது. பிரெஞ்சு அரசின் விசாரணை தனியொருவரைக் குற்றவாளியாக்கவில்லை. நானும் அப்பூசலில் இறங்க விரும்பவில்லை. இங்கும் அதே கணக்கைப் பார்க்க வேண்டும். 1923இல் லெ மானில் வென்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 92 கிலோமீட்டர். 1955இல் வென்றது 172 கிலோமீட்டர். வண்டி இத்துணை வளர்ந்தும், கொட்டிலுக்கும் மேடைக்கும் இடைப்பட்ட அந்தச் சாலை வளரவில்லை.

பந்தயத்தை நிறுத்தாமல் மறுநாள் 4 மணி வரை நடத்தியது கல்நெஞ்சம் என்று அன்றும் இன்றும் பழிப்பவர் பலர். நிறுத்தியிருந்தால் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியேறிச் சாலைகளை அடைத்து, காயமுற்றோரைக் கொண்டுசெல்லும் வண்டிகளுக்கு வழியில்லாமற் செய்திருப்பர் என்பது பந்தய இயக்குநர் ஷார்ல் ஃபரூ கூறிய காரணம். அவர் செய்தது சரியே என்று நான் கருதுகிறேன். விளையாட்டு விழா நடுவே மழை கொட்டியபோது, முந்நூறு பிள்ளைகள் ஒரே வாயிலை நோக்கி ஓடியதை நான் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் எந்த ஆசிரியரின் குரலும் எடுபடாது. ஆனால் பந்தயம் தொடர்வது வேறு. மெர்சிடிஸ் தொடர்வது வேறு. லெவெக்கின் துணையோட்டுநரான அமெரிக்கர் ஜான் ஃபிட்ச் நம் வண்டிகளை விலக்கிக்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்தினார். ஸ்டட்கார்ட் நகரத்துத் தலைமையகத்திலிருந்து ஆணை வந்தது. நள்ளிரவுக்குப்பின், ஃபாஞ்சியோவும் மாசும் ஓட்டி வந்த வண்டி முன்னணியில் இருந்த நிலையிலேயே, மெர்சிடிஸ் வண்டிகள் ஓசையின்றி விலக்கப்பட்டன. வென்ற ஹாதார்ன் மதுப்புட்டியுடன் சிரித்து நிற்கும் புகைப்படம் பிரெஞ்சு ஏட்டில் வெளிவந்து, கடுங்கண்டனத்துக்கு ஆளாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரெஞ்சு, செருமானிய, சுவிட்சர்லாந்துப் பெரும்பந்தயங்கள் அவ்வாண்டு கைவிடப்பட்டன. சுவிட்சர்லாந்து வட்டப்பாதைப் பந்தயத்தையே தடைசெய்தது. அத்தடை அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அமெரிக்க மோட்டார் கழகம் பந்தயங்களை மேற்பார்வையிடும் பொறுப்பை அவ்வாண்டோடு துறந்தது. லெ மானில் பழைய கொட்டில்களை இடித்து, பாதையை அகலப்படுத்தி, மக்கள் மேடையைப் பின்தள்ளிக் கட்டினர். அவ்வேலைகளின் காரணமாக 1956ஆம் ஆண்டுப் பந்தயம் சூனில் நடவாமல் சூலை இறுதியில் நடைபெற்றது. வட அயர்லாந்தில் செப்டம்பரில் நடந்த போட்டியில் ஓட்டுநர் மூவர் உயிர் நீத்தனர். அங்கும் விபத்தில் சிக்கித் தப்பிய மாக்லின் பந்தயத்தையே விட்டு விலகினார்.

பருவத்தின் கடைசிப் போட்டி சிசிலித் தீவில் அக்டோபர் 16ஆம் நாள் நடந்தது. தார்கா ஃபுளோரியோ என்பது அதன் பெயர். 1906 முதல் நடைபெறுவது. மலைச் சாலையில் ஒரு சுற்றே 72 கிலோமீட்டர். உலக வாகை வெல்ல, மெர்சிடிஸ் அங்கே முதலிரண்டு இடங்களையும் பிடித்தாக வேண்டும். மாஸ் முன்னணியில் இருக்கையில் வண்டி சாலையை விட்டுத் தாவிக் கீழேயுள்ள வயலில் விழுந்தது. அத்துடன் முடிந்தது என்றே எவரும் கருதியிருப்பர். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஊரார் ஓடிவந்து தள்ளினர். அவர்கள் தள்ளத் தள்ள, மாஸ் வண்டியை மேடேற்றிச் சாலைக்குக் கொணர்ந்தார். அவரும் பீட்டர் காலின்சும் வென்றனர். ஃபாஞ்சியோவும் கிளிங்கும் இரண்டாவதாக வந்தனர். மெர்சிடிஸ் இரண்டே புள்ளியில் ஃபெராரியை முந்தி வாகை சூடியது. அம்மாதமே பந்தயங்களிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது.

லெ மானில் மண்கரையோரம் நின்றவர்களும் சிசிலியில் வயலில் இறங்கித் தள்ளியவர்களும் வெவ்வேறு மக்கள் அல்லர். இருவரையும் அங்கே நிற்கச் செய்தது ஒரே அன்பு. ஆகவேதான், மக்களை அப்புறப்படுத்துங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட என்னால் இயலவில்லை.

மில்லே மில்யா மேலும் ஈராண்டே வாழ்ந்தது. 1957 மே 12ஆம் நாள், பிரெஷியாவை நெருங்கும் வேளையில், குவிதித்சோலோ என்னும் ஊரின் அருகே, ஸ்பானியப் பெருங்குடி மகனான தெ போர்த்தாகோ ஓட்டிய ஃபெராரியின் சக்கர உறை வெடித்தது. அவரும் உடனிருந்த எட்மண்ட் நெல்சனும் மாண்டனர். சாலையோரம் நின்றவர் ஒன்பது பேரும் மாண்டனர். ஒன்பதின்மருள் ஐவர் பிள்ளைகள். அவர்கள் இடரான வளைவில் நிற்கவில்லை. நேரான சாலையில்தான் நின்றனர் என்பதைக் கவனிக்க. பொதுச் சாலையில் இத்தகைய பந்தயம் இனி வேண்டா என்று இத்தாலிய அரசு முடிவு செய்தது. என்சோ ஃபெராரிமீது வழக்குத் தொடுக்கப்பட்டு, 1961இல் அவர் விடுவிக்கப்பட்டார். 1977 முதல் மில்லே மில்யா என்னும் பெயரால் நடைபெறுவது, பழைய வண்டிகளின் அமைதியான உலாவே. தார்கா ஃபுளோரியோவும் அதே 1977இல், பார்வையாளர் இருவர் இறந்தபின், தன் பழைய உருவை இழந்து ராலியாயிற்று.

இவ்வாறு பெரும்பந்தயங்கள் சுவருக்கும் வேலிக்கும் உள்ளே சென்றுவிட்டன. வெளியே எஞ்சியது ராலி ஒன்றே. பிரித்தானிய ஆர்.ஏ.சி. ராலி 1960களின் தொடக்கத்தில் காட்டிலாகாச் சாலையைப் பயன்படுத்தத் தொடங்கிய பின், போக்குவரத்தை மூடி வேகத்தை அளக்கும் சிறப்புக் கட்டங்கள் பெருகின. ஊரை விட்டுக் காட்டுக்குப் போனால் மக்கள் இரார் என்று எண்ணியவர் இருந்திருக்கலாம். அன்பர்களோ விளக்கும் கூடாரமும் எடுத்துக்கொண்டு காட்டுக்கே வந்துவிட்டனர்.

1986ஆம் ஆண்டு நான் நான்காம் படிவ மாணவன். போர்த்துகல் ராலியின் புகைப்படம் ஒன்றை அந்நாளில் ஓர் ஏட்டிற் கண்டேன். அப்படத்தில் சாலையே இல்லை. ஒரே மனிதத் தலைகள். நடுவே வண்டியின் மூக்கு மட்டும் தெரிகிறது. அதன் முன்னே கூட்டம் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது. ஓடும் வண்டியைக் கையால் தொட்டுவிடுவதை வீரமென்று கருதியவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். மார்ச் 5ஆம் நாள் சிந்த்ராவுக்கு அருகில் லகோவா அசூல் என்னுமிடத்தில், ஜோவாகிம் சாந்தோஸ் ஓட்டிய ஃபோர்டு வண்டி மக்களுக்குள் பாய்ந்தது. மூவர் இறந்தனர், முப்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். லெ மானில் நடவாதது ஒன்று இங்கே நடந்தது. முன்னணி ஓட்டுநர்கள் ஒன்றுகூடி, பார்வையாளரைக் காக்க வழியில்லாத இப்பந்தயத்தில் மேலே ஓட்டமாட்டோம் என்று அறிக்கை விடுத்து விலகினர். மே மாதம் கோர்சிகாத் தீவில் ஹென்ரி தொய்வோனனும் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்ததும், அந்த மிகுவேக வண்டி வகையே மறு ஆண்டிலிருந்து தடைசெய்யப்பட்டது.

அந்தப் படத்தைக் கண்ட பள்ளித் தோழர்கள் சிரித்தனர். அம்மக்களை மூடர் என்றனர். என்னால் அவ்வாறு சொல்ல முடியவில்லை. காரணம் 1979இல் எங்கள் தோட்டத்தில் நிகழ்ந்தது.

மலேசியாவில் ராலி வண்டிகள் ஓடிய இடங்களுள் ரப்பர்த் தோட்டச் சாலைகளும் செம்பனைத் தோட்டச் சாலைகளும் பல. 2002இல் நம் நாட்டுக் கரம்ஜித் சிங், புரோட்டான் வண்டியில் உலக ராலியின் உற்பத்தி வண்டிப் பிரிவில் வாகை சூடினாரே, அவர் போன்றோர் பழகியது இத்தகைய செம்மண்ணில்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லை. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் பாலத்தை அடுத்த வளைவுக்கு ஓடினோம். வளைவின் வெளிப்புறத்தில், வண்டி நேரே முகங்காட்டி வரும் இடத்தில், முன்வரிசை பிடித்தோம். அந்த இடந்தான் நல்ல இடம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கு நின்றால் வண்டி நம்மை நோக்கி வருவதுபோல் தோன்றுமோ அங்கே கால்கள் தாமே போய்விடுகின்றன. முதலில் ஒருவன் நின்றான். பின்னர் ஐம்பது பேர் நின்றோம்.

தோட்டத்து லாரி ஓட்டும் பெரியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். பெட்டிகளும் கொடிகளும் இருந்தனவேயன்றி, எங்களை விலக்குவார் வேறு எவருமில்லை. அவர் கத்தவில்லை. என் தோளைப் பற்றி, "தம்பி, மழையில லாரி சறுக்கினா எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார். "இந்தப் பக்கந்தான் தாத்தா" என்றேன். "அப்ப காடி மட்டும் வேற பக்கமா போகும்? எல்லாரும் அந்த மேட்டுக்கு ஏறுங்கடா" என்றார். மனமில்லாமல் ஏறினோம். மேட்டிலிருந்து பார்த்தால் வண்டியின் கூரையும் புழுதியுமே தெரிந்தன. அவர்மேல் எங்களுக்குக் கோபம்.

ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்த வண்டி வளைவில் திரும்பாமல் பின்பக்கமாகச் சுழன்று, நாங்கள் நின்றிருந்த வரப்பை உடைத்துக்கொண்டு வாய்க்காலில் பின்சக்கரம் புதைய நின்றது. சற்று நேரம் எவரும் பேசவில்லை. உள்ளேயிருந்த இருவரும் கையை அசைத்தனர். உடனே பெரியவர்தாம் முதலில் இறங்கினார். அவர் பின்னே என் தந்தையார், பால்வெட்டுக்காரர்கள், நாங்கள் என்று எல்லாரும் இறங்கினோம். தகரம் சுட்டது. சக்கரம் சுழன்று சேற்றை எங்கள் முகத்தில் வாரியடித்தது. நாலைந்து முறை தள்ளியபின் வண்டி மேலேறிச் சீறிக்கொண்டு போயிற்று. அடுத்த வண்டியின் ஓசை பாலத்தருகே கேட்டது. "மேட்டுக்கு, மேட்டுக்கு" என்று இப்போதுதான் பெரியவர் கத்தினார். நான் ஓடினேன், ஓடும்போதே திரும்பித் திரும்பி அந்த வளைவைப் பார்த்துக்கொண்டு ஓடினேன்.